பஞ்ச்கனி மலையிலிருந்து வெம்பிளி அரங்கு வரை

இங்கிலாந்து நாட்டு ரொக் இசைப் பாடகருள் முதன்மையானவர் யாவர் என்று வினவின், அந்நாட்டார் பலர் தயங்காது கூறும் பெயர்களுள் ஒன்று பிரெடி மேர்க்குரி என்பதாகும். மேல்நாட்டு இசையில் நாட்டமுள்ள நம் மாணவர் சிலர் அப்பெயரை முன்னரே அறிவர். 2018ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கையைச் சித்தரித்து வெளிவந்த திரைப்படத்தின் பின்னர் ஏனையோரும் அறிந்தனர். ஆயின், அவருடைய இயற்பெயர் பரூக் புல்சாரா என்பதும், அவர் பியானோ வாசிக்கக் கற்றது இலண்டனில் அன்று, இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைமீது அமைந்த ஒரு விடுதிப் பாடசாலையிலே என்பதும் நம்மிற் பலர் அறியாத செய்தி. வலப்பனை, இராகலை, உடப்புசல்லாவை என மூடுபனி தவழும் மலைகளிலே பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு அச்செய்தியில் ஒரு தனிச்சுவை உண்டு. ஆதலின், அவரது புகழைக் காட்டிலும் அப்புகழுக்கு முந்திய கதையையே ஈண்டுச் சற்று விரித்துக் கூற விழைகின்றோம்.

ஆபிரிக்காவின் கீழைக் கரைக்கு அப்பால் கடலிலே கிடக்கும் சன்சிபார் தீவு கராம்புக்குப் பெயர்பெற்றது. அங்கே 1946ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி பரூக் பிறந்தார். தந்தையார் பொமி புல்சாரா பிரித்தானிய அரசாங்கத்தின் அலுவலகத்திற் காசாளர். தாயார் பெயர் ஜெர். இருவரும் குஜராத்திலிருந்து சென்ற பார்சி வகுப்பினர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பாரசீகத்தை விட்டு மேற்கிந்தியக் கரையை அடைந்து, தீயைப் புனிதமாகப் போற்றும் தம் பழஞ்சமயத்தைக் கைவிடாமலும் அடைக்கலந் தந்த நாட்டின் மொழியை ஏற்றும் வாழ்ந்த அம்மக்கள், தொகையிற் சிறியராயினும் வாணிகத்திலும் கல்வியிலும் பெரியர். மேல்நாட்டு இசையை நடத்துவதில் உலகப் புகழ் ஈட்டிய சூபின் மேத்தாவும் இவ்வகுப்பினரே. வேலைதேடிக் கடல் கடந்த இந்தியக் குடும்பம் ஒன்றின் பிள்ளை பரூக் என்று நாம் சுருக்கமாகக் கொள்ளலாம். அவ்வளவில் அவர் வரலாற்றின் தொடக்கம் நமக்கு அந்நியமானதன்று.

சன்சிபாரில் தக்க ஆங்கிலக் கல்வி இல்லையென்று கருதிய பெற்றோர், எட்டு வயதுச் சிறுவனைக் கப்பலேற்றிப் பம்பாய்க்கு அனுப்பினர். பம்பாய்க்குத் தென்கிழக்கே, கடல்மட்டத்துக்குச் சுமார் 1,300 மீற்றர் உயரத்தில் உள்ளது பஞ்ச்கனி. ஐந்து குன்றுகளைச் சுட்டும் பெயர் அது. வெப்பந் தாங்காத ஆங்கிலேயர் நுவரெலியாவைக் கண்டுபிடித்துக் குடியேறியது போலவே அங்கும் குடியேறினர். அவர்கள் தம் பிள்ளைகளுக்கென நாட்டிய விடுதிப் பாடசாலைகளுள் ஒன்று புனித பேதுரு பாடசாலை. அங்கேதான் பரூக் சேர்ந்தான். தாய் தந்தையரை ஆண்டுக்கொரு முறை காண்பதே அரிது. எட்டு வயதுக் குழந்தையைக் கடல் கடந்து அனுப்பிய அத்தாயின் நெஞ்சம் எப்பாடு பட்டிருக்கும் என்பதைப் பிள்ளைகளைத் தூர விடுதிகளிற் சேர்த்துவிட்டு வீடு திரும்பிய தாய்மார் அறிவர்.

அங்கு அச்சிறுவனுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று, ‘பிரெடி’ என்ற பெயர். ‘பரூக்’ என்பது வாயில் எளிதில் நுழையாத தோழர்கள் இட்ட பெயர் அது. அவர்களே, துருத்திய அவனுடைய முன்பற்களைக் கண்டு வேறொரு கேலிப் பெயரும் சூட்டினர் என்பதை மறைப்பதற்கில்லை. மற்றொன்று பியானோ. பையனுக்கு இசையிலே செவி நன்றாயிருப்பதைக் கண்ட தலைமையாசிரியர், சிறிது கட்டணம் மேலதிகமாகச் செலுத்தினால் முறைப்படி பியானோ கற்பிக்கலாம் என்று பெற்றோருக்கு எழுதினார். காசாளர் ஒருவரின் ஊதியத்தில் அது சிறு தொகையாயிராது. ஆயினும் பெற்றோர் இசைந்தனர். அவன் நாலாந் தரம் வரை எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் சித்தியடைந்தான். மேல்நாட்டு இசையில் அவர் தம் வாழ்நாளிலே பெற்ற முறையான பயிற்சி ஏறக்குறைய இவ்வளவே. இசைக்குறியீட்டைப் படிப்பதிலே பின்னாளிலும் அவர் வல்லவராகவில்லை. வானொலியில் ஒரு பாட்டை ஒருமுறை கேட்ட மாத்திரத்தே பியானோவில் அதை வாசித்துக் காட்டுவான் என்று உடன் பயின்றோர் நினைவுகூர்ந்துள்ளனர்.

வானொலி என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. அக்காலத்தில் இந்தியாவின் அரசாங்க வானொலி சினிமாப் பாடல்களையும் மேல்நாட்டு மெல்லிசையையும் ஒதுக்கி வைத்தமையால், பம்பாய் முதல் கல்கத்தா வரையில் இளைஞர்கள் அவற்றைக் கேட்பதற்கு நாடியது நமது கொழும்பிலிருந்து சிற்றலையில் ஒலித்த இலங்கை வானொலியையே. அமீன் சயானியின் குரலில் 1952இல் தொடங்கிய இந்திப் பாடல் நிகழ்ச்சி அவ்வாறுதான் இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. பஞ்ச்கனி விடுதியிற் சுழன்ற வானொலித் திருகு கொழும்பிலும் நின்றிருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

1958ஆம் ஆண்டளவில் மாணவர் ஐவர் சேர்ந்து ‘ஹெக்டிக்ஸ்’ என்றொரு குழுவை அமைத்துப் பாடசாலை விழாக்களிலே வாசித்தனர். பின்னாளில் பல்லாயிரவரைத் தம் குரலால் ஆட்டிப்படைத்த பிரெடி அக்குழுவில் முதன்மைப் பாடகர் அல்லர்! பாடியவர் வேறொரு மாணவர். இவர் பின்னே அமர்ந்து பியானோ வாசித்தார். கூச்சம் மிகுந்த பையன் என்றே பெயரெடுத்தார். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்னும் பழமொழியை நம் ஆசிரியர்கள் அடிக்கடி எடுத்தாளுகின்றோம். அப்பழமொழிக்கு இவர் அடங்கவில்லை. முளையிலே தெரிந்தது பயிரின் ஒரு பாதிதான். மேசைப்பந்தாட்டத்தில் வல்லவர், பன்னிரண்டாம் வயதிற் பன்முகத் திறமைக்கெனப் பரிசு பெற்றவர், ஓவியத்தில் ஆர்வமுடையவர்; ஆனால் மேல்வகுப்புகளிற் படிப்புத் தளர்ந்தது. 1963இல் அவர் சன்சிபாருக்குத் திரும்பினார்.

திரும்பிய வேளை நல்ல வேளையன்று. 1964 சனவரி 12ஆந் திகதி அத்தீவிலே புரட்சி மூண்டது. சுல்தானின் ஆட்சி கவிழ்ந்தது. அராபியரும் இந்தியரும் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். புல்சாரா குடும்பமும் வீடு வாசலை விட்டு இங்கிலாந்தை அடைந்தது. அதே 1964ஆம் ஆண்டின் ஒக்டோபர் 30ஆந் திகதிதான் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாகி, நம் மலைநாட்டு மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று தலையெண்ணிப் பங்கிடப்பட்டது. இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஒன்றுமில்லை. ஆயினும், பிறந்த மண் ஒரு நாளில் ‘உன்னுடையதன்று’ ஆகிவிடுவது எத்தகையது என்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் நம் வாசகர்களுக்கு இல்லை.

இலண்டன் விமான நிலையத்தை அடுத்த பெல்தம் என்னும் ஊரிலே ஒரு சிறு வீடு. தந்தைக்குக் கணக்கு வேலை. மகன் வழக்கறிஞராகவோ கணக்காளராகவோ ஆகவேண்டும் என்பது பெற்றோரின் விருப்பம். மகனோ ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயின்று 1969இல் டிப்ளோமாப் பட்டம் பெற்றார். விடுமுறைகளில் விமான நிலையத்திற் பொதிகளை ஏற்றி இறக்கினார். கென்சிங்டன் சந்தையிலே நண்பருடன் சேர்ந்து பழந்துணிக் கடை நடத்தினார். ஒரு குழு கலைந்தால் இன்னொரு குழு என்று பாடித் திரிந்தார். இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற தந்தை இரவில் உறங்கியிருப்பாரா? நம் தோட்டத்து வீடொன்றிலே உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய மகன் இவ்வாறு செய்தால் அங்கே எழும் ஓசை மலைக்கு அப்பாலும் கேட்கும்.

1970ஆம் ஆண்டில் கிட்டார்க் கலைஞர் பிரையன் மே, முழவிசைக் கலைஞர் ரொஜர் டெய்லர் ஆகிய இருவருடன் அவர் சேர்ந்தார். மே வானியல் ஆராய்ச்சி மாணவர். பின்னாளில், 2007இல், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றவர் என்பதை மாணவர்கள் கவனிப்பார்களாக. மறு ஆண்டிலே ஜோன் டீக்கன் சேரவே நால்வரானார்கள். குழுவுக்குக் ‘குயின்’ என்று பெயரிட்டவரும், நால்வரின் பிறப்பு இராசிகளான இரு சிங்கம், நண்டு, கன்னி ஆகியவற்றை ஒரு பீனிக்ஸ் பறவையின் சிறகின்கீழ் அமைத்து அதன் சின்னத்தை வரைந்தவரும் நம் பிரெடியே. ஓவியக் கல்லூரிப் படிப்பு வீண்போகவில்லை. அக்காலத்தில்தான் புல்சாரா என்ற குடும்பப் பெயரை நீக்கி ‘மேர்க்குரி’ என்று மாற்றிக்கொண்டார். அதன்பின் செய்தியாளரிடம் சன்சிபாரைப் பற்றியோ பம்பாயைப் பற்றியோ அவர் வாய் திறந்தது மிகக் குறைவு. வெள்ளையர் அல்லாதாரைக் குறித்து அன்றைய இங்கிலாந்தில் நிலவிய வெறுப்பை அறிந்தோர் இதனை எளிதிற் பழிக்கமாட்டார்கள். எனினும், மறைத்து வைத்த பெயர் நெஞ்சிலே எங்கோ ஒரு மூலையில் கிடந்து உறுத்தாமல் இராது என்றே நமக்குத் தோன்றுகின்றது.

இசைத்தட்டுகள் 1973 முதல் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அவற்றையெல்லாம் வரிசைப்படுத்துவது நம் நோக்கமன்று. ஒன்றை மட்டும் சற்று நின்று நோக்குவோம். 1975 ஒக்டோபர் 31ஆந் திகதி வெளிவந்த ‘பொஹீமியன் ரப்சொடி’ என்னும் பாடல் ஏறக்குறைய ஆறு நிமிடம் நீள்வது. வானொலியில் மூன்று நிமிடத்துக்கு மேற்பட்ட பாடலை ஒலிபரப்பமாட்டார்கள் என்று இசைத்தட்டுக் கம்பனியார் மறுத்தனர். அன்றியும் அதற்குப் பல்லவியே இல்லை. துணைக்கருவி ஏதுமின்றிக் குரல்கள் மட்டும் தொடங்கும்; பின் பியானோவோடு ஒரு சோகப் பாட்டு; அதன்பின் இத்தாலிய இசைநாடகத்தைப் போலப் பல குரல்களின் வாக்குவாதம்; அடுத்து இடிபோலக் கிட்டார்; ஈற்றில் மீண்டும் அமைதி. கொலை செய்துவிட்ட மகனொருவன் தாயிடம் முறையிடுவதாகத் தொடங்கும் அப்பாட்டின் பொருள் யாதென்று கேட்டவருக்கெல்லாம் அவர் விளக்கம் சொல்ல மறுத்துவிட்டார். அதனிடையே ‘பிஸ்மில்லா’ என்ற சொல்லும் வருகின்றது. சன்சிபாரின் பள்ளிவாசல்களினிடையே பிறந்தவருக்கு அச்சொல் புதியதன்று.

அதை ஒலிப்பதிவு செய்த முறை மாணவர் அறியத்தக்கது. நம் இசையில் எத்தனை பேர் பாடினும் யாவரும் ஒரே சுரத்தில் நிற்பர். மேல்நாட்டு இசையிலோ ஒரே வேளையிற் பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் நின்று இயைந்து ஒலிக்கும். அதற்குப் பெரிய பாடகர் கூட்டம் தேவை. இவர்களோ மூவர் மட்டுமே பாடினர். ஒருமுறை பாடி ஒலிநாடாவிற் பதிந்து, அதன்மேல் மீண்டும் பாடிப் பதிந்து, அதை இன்னொரு நாடாவுக்கு மாற்றி, மறுபடியும் பாடி, இவ்வாறு நூற்றெண்பது தடவை வரை அடுக்கினர். அந்த இசைநாடகப் பகுதிக்கு மட்டும் ஏறக்குறைய மூன்று கிழமை சென்றது. தேய்ந்துபோன நாடாவை ஒளிக்கு நேரே பிடித்தால் அப்பால் உள்ளது தெரிந்ததாம்! பியானோ வாசித்தவர் பிரெடி. இடக்கையை வலக்கைக்கு மேலாகக் கடத்தி உச்சச் சுரங்களைத் தொடும் அவர் பழக்கத்தை அப்பாட்டிற் காணலாம். வானொலி அறிவிப்பாளர் கெனி எவரட் ஒரு வார இறுதியிலே பதினான்கு முறை அதை ஒலிபரப்பினார். ஒன்பது கிழமை அது இங்கிலாந்தின் முதலிடத்தில் நின்றது. அவ்வாண்டில் அவர் வாங்கிய யமஹா பியானோ, 2023 செப்டெம்பரில் இலண்டன் ஏலத்தில் 17 இலட்சம் பவுணுக்கு விலைபோயிற்று. நாலாந் தரம் வரை பயின்றவரின் பியானோ அது.

குரலைப் பற்றியும் ஒரு சொல். கேலிக்கு ஆளான அப்பற்கள் துருத்தியதற்குக் காரணம், வாயின் பின்புறத்தே மேலதிகமாக முளைத்த நான்கு பற்கள். பணமும் புகழும் வந்த பின்னரும் அவர் அவற்றைக் களைய ஒப்பவில்லை. வாயினுள் இருந்த அந்த இடவகலத்தாலேயே தம் குரல் அவ்வாறு அமைந்தது என்று நம்பினார். 2016இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர் அவர் குரலை ஆராய்ந்து, பேசுங்கால் அவர் இடைத்தரக் கனத்த குரலினர் என்றும், பாடுங்கால் மட்டுமே உச்சத்துக்கு ஏறினார் என்றும், அவரது குரலின் அசைவு மற்றப் பாடகரினும் விரைவானது என்றும் கூறினர். பற்களைப் பற்றி அவர் கொண்ட நம்பிக்கை மெய்யோ பொய்யோ, பழிக்கப்பட்ட உறுப்பையே காத்துக்கொண்டார் என்பது நமக்குப் பிடித்திருக்கின்றது.

அவர் செய்கைகள் யாவும் நமக்கு உடன்பாடு என்று வாசகர்கள் கருதிவிட வேண்டா. 1984ஆம் ஆண்டில் தென்னாபிரிக்கா நிறவெறி ஆட்சியின் கீழிருந்தபோது, அங்கே செல்லலாகாது என்று ஐக்கிய நாடுகள் சபை கலைஞரைக் கேட்டிருந்தும், குயின் குழுவினர் சன் சிட்டி என்னுமிடத்திற் சென்று பாடினர். இசைக்கலைஞர் சங்கம் அவர்களுக்கு அபராதம் விதித்தது. நாம் அரசியலுக்கு அப்பாற்பட்டவர்கள் என்று குழுவினர் கூறிய சமாதானம் செல்லாது. நிறத்தின் பொருட்டுத் தம் பெயரையே மறைத்துக்கொள்ள நேர்ந்த ஒருவர் அங்கே போயிருக்கலாகாது என்பதே நம் கருத்து.

மறு ஆண்டு, 1985 யூலை 13ஆந் திகதி. எதியோப்பியாவிற் பஞ்சத்தால் மடிந்தோருக்காகப் பணம் திரட்டும் பொருட்டு, ‘லைவ் எய்ட்’ என்னும் இசைவிழா இலண்டன் வெம்பிளி அரங்கிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நிகழ்ந்தது. வெம்பிளியில் மட்டும் 72,000 பேர். தொலைக்காட்சியிற் கண்டோர் உலகெங்கும் கோடிக்கணக்கானோர். ஒவ்வொரு குழுவுக்கும் இருபது நிமிட அளவே. பலர் இதனைப் பொருட்படுத்தாது வர, குயின் குழுவினர் அந்தச் சில நிமிடங்களுக்காகவே நாடக அரங்கொன்றை எடுத்துப் பல நாள் ஒத்திகை பார்த்தனர். மாலை வெயிலில் அவர் ஓடி வந்து முதலில் அமர்ந்தது பியானோவின் முன்னேதான். சிறிது வாசித்து எழுந்தபின் அரங்கு அவர் கையில். இடையிலே பாட்டுமில்லை, கருவியுமில்லை. அவர் தனிக்குரலில் ஓர் ஓசையை நீட்டினார். எழுபத்தீராயிரம் பேர் அதைத் திருப்பி நீட்டினர். அவர் வளைத்தார், அவர்களும் வளைத்தனர். மார்கழி மாதத்துப் பஜனையில் முன்னே செல்பவர் ஓரடி எடுக்க, குளிரிலே போர்வையோடு பின்வருவோர் அதைத் திருப்பிப் பாடுவதைத் தோட்டங்களிற் கேட்டிருக்கிறோமன்றோ? முறை அதுவே. ஹெக்டிக்ஸ் குழுவிலே பின்னே ஒதுங்கியிருந்த பையனை அன்று அங்கே தேடியும் காண இயலாது.

இனிச் சொல்லவேண்டியதைக் குடும்பங்கள் படிக்கும் பக்கத்திலே சொல்லாமல் விடுவது வழக்கம். நாம் விடப்போவதில்லை. அவர் மணஞ்செய்து கொள்ளவில்லை. ஆடவர்பால் அன்பு கொண்டவர். இறுதி ஆண்டுகளில் அவர் இல்லத்திலே துணையாய் இருந்து பேணியவரும் ஓர் ஆடவரே. 1987ஆம் ஆண்டில் எயிட்ஸ் நோய் அவரைப் பற்றியிருப்பது உறுதியாயிற்று. அன்று அந்நோய்க்குத் தக்க மருந்தில்லை. நோயினும் கொடியது ஊராரின் வாய். மெலிந்த அவர் உருவத்தைப் படம்பிடிக்கச் செய்தித்தாள்காரர் வாயிலிலே காத்துக் கிடந்தனர். அவரோ ஒலிப்பதிவு நிலையத்தை விடவில்லை. நிற்க இயலாத நிலையிலும் சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரூ நகருக்குச் சென்று, கிடைத்த நாட்களில் எல்லாம் பாடிப் பதிந்தார். ‘தாயன்பு’ என்று பொருள்படும் தலைப்புடைய ஒரு பாடலில் இறுதிப் பகுதியைப் பின்னர் வந்து பாடுவதாகக் கூறிச் சென்றார், வரவில்லை. அப்பகுதியைப் பிரையன் மே பாடி நிறைவு செய்தார். 1991 நவம்பர் 23ஆந் திகதி தம் நோயை உலகுக்கு அறிவித்தார். மறுநாள் இரவு உயிர் நீத்தார். வயது நாற்பத்தைந்து.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வழக்கிற்கு வந்தது. ஐந்தாண்டு பொறுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கவும் கூடும். இன்று அந்நோயாளர் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழ்கின்றனர். நம் நாட்டில் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் அம்மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. பேசக் கூசி மறைத்து மாண்டோர் தொகையை நினைக்கின், இதனை இங்கே எழுதியது மிகையன்று. அவர் நினைவாக 1992 ஏப்ரல் 20ஆந் திகதி வெம்பிளியில் நடந்த பெருநிகழ்ச்சியிலிருந்து பிறந்த அறநிதியம் எயிட்ஸ் ஒழிப்புக்குப் பொருளுதவி செய்து வருகின்றது.

வாழ்நாளெல்லாம் மறைத்து வைத்த பழைய பெயர் அவர் இறந்த பின்னர் வெளிவந்தது. இலண்டனில் நடந்த ஈமச்சடங்கிலே பார்சிக் குருமார் வந்து, உலகறிந்த அப்பாடகருக்காகத் தம் முன்னோரின் பழைய மொழியில் வேண்டுதல் ஓதினர். பெற்றோர் உடனிருந்தனர். பிறந்த சன்சிபாரோ நெடுங்காலம் அவரை ஏற்கத் தயங்கியது. 2006இல் அவருடைய அறுபதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாட அங்கே சிலர் முயன்றபோது, மதக் குழுவொன்று எதிர்த்தமையால் விழா கைவிடப்பட்டது. 2019 நவம்பரிலே, அவர் இறந்த அதே 24ஆந் திகதியில், அந்நகரில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவிலும் ‘அவர் நம்மவர்’ என்னும் பேச்சு அவர் மறைந்த பின்னரே உரத்தது. வாழ்ந்த காலத்தில் அவர் அங்கே வந்து ஒரு முறையேனும் மேடையேறிப் பாடியதில்லை.

பெல்தம் ஊரிலே அகதிக் குடும்பமாய் வந்து அவர்கள் குடியிருந்த அச்சிறு வீட்டின் சுவரில் 2016 செப்டெம்பர் 1ஆந் திகதி நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அதில் பிரெடி மேர்க்குரி என்ற பெயரின் கீழே, பிரெட் புல்சாரா என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றது.